தறிச் சத்தத்தில் எடுத்த படம்

1. லைட்டை அணைக்காதீர்கள்

‘இலக்கியமும் திரைப்படமும்’ என்ற விருப்பப் பாடத்தின் முதல் வகுப்புக்குள் நுழைந்தபோது, அறை மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். உட்கார இடமில்லை. தமிழ்த் துறைக்குச் சம்பந்தமே இல்லாத வணிகவியல் பையன்கள் கடைசி பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் முறுக்குப் பொட்டலம்.

“சார், இன்னிக்கு என்ன படம்?” என்றான்.

ஒரு சிறுகதையின் பிரதியை எல்லோருக்கும் கொடுத்து, “முதலில் இதைப் படியுங்கள், படம் அடுத்த வாரம்” என்றேன். அடுத்த வாரம் பெஞ்சுகள் பாதி காலி.

சங்கரன்கோவிலில் அந்தக் கல்லூரியில் நெடுநாள் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இலக்கணம் நடத்தும்போது என் வகுப்பை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. சினிமா என்றதும் முதல்வரே வாசலில் வந்து நின்றார்.

“படம் போடுங்க, வேண்டாங்கல. ஆனா லைட்ட மட்டும் அணைச்சிராதீங்க. பொம்பளப் பிள்ளைங்க படிக்கிற காலேஜ்.”

ஆகவே டியூப்லைட் வெளிச்சத்தில் புரொஜெக்டர் ஓடியது. திரையில் எல்லோரும் சுண்ணாம்பு பூசியது போலத் தெரிந்தார்கள். கதாநாயகி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ளப் பிள்ளைகள் கதையைப் படித்தார்கள். இலக்கியம் அப்படித்தான் எங்கள் வகுப்பில் பிழைத்தது.

2. யாருலே இவன் அப்பன்?

அந்த வகுப்பில் முத்துமாரி கெட்டிக்காரி. அவள் அப்பா சண்முகவேல் ஊருக்குள் விசைத்தறிக்கூடம் வைத்திருந்தார். சென்னையில் இலக்கியமும் சினிமாவும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் எம்.ஏ. படிப்புக்கு விண்ணப்பித்து, அவளுக்கு இடமும் கிடைத்திருந்தது.

“வீட்ல அம்மாக்கு மட்டுந்தான் தெரியும் சார். அப்பா ராஜபாளையத்துல மாப்பிள்ள பார்த்துக்கிட்டு இருக்காங்க. நீங்க வந்து பேசுதீங்களா?”

பேசுகிறேன் என்றேன். தறிகளுக்கு நடுவே நின்று பழகிய சண்முகவேலின் குரல் தெருமுனை வரை கேட்கும். நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் செய்முறைத் தேர்வு வந்தது. ஒரு சிறுகதையைக் குறும்படமாக எடுக்க வேண்டும். முத்துமாரியின் குழு எடுத்துக்கொண்ட கதையில், வெளியூர் போய்ப் படிக்க மகள் அப்பாவிடம் அனுமதி கேட்கிறாள். மூன்று பக்கத்துக்கு வாக்குவாதம். படப்பிடிப்பு அவள் வீட்டுத் தறிக்கூடத்தில்; மகளாக நடிப்பதும் அவளே. “அப்பாவுக்குச் சந்தேகம் வராதா?” என்று கேட்டேன். “பாடத்துல இருக்கிற கதைதான சார்” என்றாள்.

அப்பாவாக நடிக்க வந்தவன் ஒல்லியான பையன். வெக்கையில் ஒட்டுமீசை ஒரு பக்கம் தொங்கியது. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த சண்முகவேலுக்குப் பொறுக்கவில்லை.

“யாருலே இவன் அப்பன்? பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ள மாதிரி நிக்கான். தள்ளு, நான் செய்யுதேன்.”

“தறிய மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கலாமா?” என்று நான் இழுத்தேன்.

“ஆர்டர் கெடக்கு சார். தறி ஓடும். நீங்க பாட்டுக்கு எடுங்க.”

மூன்று டேக் எடுத்தார்கள். பிறகு கேட்டுப் பார்த்தால் தறிச் சத்தத்தைத் தவிர ஒரு சொல் பதிவாகவில்லை. மூன்றாவது டேக்கில் மட்டும் சண்முகவேலின் முகம் அற்புதமாக விழுந்திருந்தது. மகள் ஏதோ சொல்கிறாள். அவர் ஒரு கணம் அவளையே பார்க்கிறார். பேசாமல் திரும்பிப் போய் அறுந்த இழையை முடிச்சுப் போடுகிறார். அதையே படத்தில் வைத்தார்கள்.

3. வசனம் எங்கே?

திரையிடலுக்குச் சண்முகவேல் வெள்ளைச் சட்டை, ஜவ்வாது மணத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பின்னால் இரண்டு வரிசைக்கு அவருடைய சொந்தக்காரர்கள். அவர் திரையில் தோன்றியதும் விசில் பறந்தது. முதல்வர் லைட்டைப் பார்த்துக்கொண்டார். எரிந்துகொண்டுதான் இருந்தது.

படம் முடிந்ததும், வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

“கதையில மூணு பக்கம் வசனம் இருக்கு. படத்துல ஒரு வரி கூட இல்ல. இதுல இலக்கியம் எங்க இருக்கு?”

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். சினிமாவில் மௌனம் என்ற தலைப்பில் எதையாவது சொல்லலாம் என்று எழுந்தேன். எனக்கு முன்னால் சண்முகவேல் எழுந்துவிட்டார்.

“அவ என்ன சொன்னான்னு நான் சொல்லுதேன் அம்மா. தறிக்கூடத்துல வாயப் பார்த்தே பேசிப் பழகுனவன் நான். ‘எப்பா, மெட்ராஸ்ல எம்.ஏ. படிக்க எடம் கெடைச்சிருக்கு. மாப்பிள்ளப் பேச்ச நிறுத்துங்க’ன்னு கேட்டா.”

முத்துமாரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீங்க என்ன பதில் சொன்னீங்க?” அம்மையார் இப்போது நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

“அந்த நேரத்துல என்னத்தச் சொல்ல? இப்ப சொல்லுதேன். போகட்டும். ஆனா ஹாஸ்டல் சாப்பாட்ட நான் ஒருதரம் தின்னு பார்த்துட்டுத்தான் சேர்ப்பேன்.”

கைதட்டலில் அந்த அம்மையாரும் சேர்ந்துகொண்டார். குழுவில் எல்லோருக்கும் நல்ல மதிப்பெண்.

கூட்டம் கலைந்ததும் முத்துமாரியைப் பிடித்தேன். “கதையில் இல்லாததைக் கேமரா முன்னால் கேட்டுவிட்டாயே, எவ்வளவு தைரியம்!”

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயோ, நான் அப்படி ஒண்ணும் கேக்கல சார். எனக்கு வசனம் மறந்துட்டு. ‘எப்பா, பின்னால இழை அறுந்துட்டு, பாருங்க’ன்னுதான் சொன்னேன்.”

“அப்படியானால் அப்பா தப்பாகப் புரிந்துகொண்டாரா?”

“அவங்களுக்கு வாயசைவு ஒருநாளும் தப்பாது சார். அதான் நான் சொன்ன உடனே போய் முடிச்சுப் போட்டாங்கள்லா. மெட்ராஸ் விஷயத்த அம்மா முன்னாடியே அவங்க காதுல போட்டிருப்பாங்க.”

வாசலில் சண்முகவேல் சொந்தக்காரர்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “எப்படி சார் நம்ம நடிப்பு?” என்றார். எந்த நடிப்பைக் கேட்கிறார் என்று தெரியாததால், “பிரமாதம்” என்று மட்டும் சொன்னேன்.

அந்த வருட எழுத்துத் தேர்வில் நான் கேட்ட கேள்வி, ‘கதையில் இருந்து படத்தில் விடுபட்டவை யாவை?’ என்பது. மறு வருடம் அதை மாற்றினேன்: ‘கதையிலும் இல்லாமல், படத்திலும் இல்லாமல், பார்த்தவர் தாமே சேர்த்துக்கொண்டது எது?’ இந்தப் பாடத்தை நடத்த வரும் இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: அந்தக் கேள்விக்கு விடைக்குறிப்பு தயாரிக்க முயலாதீர்கள். நான் முயன்று பார்த்து, முழு மதிப்பெண்ணையும் எல்லோருக்கும் போட்டுவிட்டேன்.