பாங்குக்கு நடுவே ஒரு தும்மல்

கல்முனையில் எங்கள் பள்ளிவாசலின் மோதினார் என் வாப்பா. ஐவேளையும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது அவர்தான். போன மாசியில் ஒரு பின்னேர அஸர் தொழுகை நேரம், பாங்கு முடிந்த கையோடு ஒலிபெருக்கியில் பெருந்தும்மல் ஒன்று கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் வாப்பா. மைக்கை நிறுத்த மறந்திருந்தார். தும்மியவர் இறைவனைப் புகழ்ந்தால் கேட்டவர் அவருக்கு இறையருள் வேண்டிப் பதில் துஆ சொல்லவேண்டுமே! தேநீர்க் கடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "யர்ஹமுகல்லாஹ்" என்றார்கள். வேலிகளுக்கு அப்பாலிருந்து பெண்களும் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அடுத்த கிழமை சிரிக்க முடியவில்லை. தும்மல் பாங்கின் நடுவுக்கே வந்துவிட்டது. டாக்டர் தந்த குளிசையைப் போட்டால் தூக்கம்; ஒரு நாள் விடியற்காலைச் சுபஹ் பாங்கே தவறிப்போனது. பள்ளித் தலைவரான ஹாஜியார் வீட்டுக்கே வந்தார்.

"மோதினார், கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்க. வேற ஆளப் பாப்பம்."

வாப்பா தலைகுனிந்தார். கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த அவருக்கு ஊரில் இருந்த இடம் அந்தக் குரல்தான்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான், படித்ததும் தாவரவியல். ஆனாலும் அன்றைக்குத்தான் பள்ளி முன்றலை ஒழுங்காகப் பார்த்தேன். வளர்ந்த மரங்களாகவே கொண்டுவந்து புதிதாக நட்ட பேரீத்த மரங்கள் பாளை வெடித்து நின்றன. மைக் அறையின் ஜன்னல் கட்டில் மா தூவியதுபோல் மஞ்சள் நிறத்தில் ஒரு தூள்.

மறுநாள் ஹாஜியாரை வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டேன். "பள்ளி முன்றல்ல நிக்கிற பேரீத்த மரமெல்லாம் ஆண் மரம், ஹாஜியார்."

"என்ன தம்பி செல்றாய்? மரத்துலயும் ஆம்புள பொம்புள இரிக்கா?"

"ஓம். ஆண் மரத்துப் பூவுலதான் இந்தத் தூள் வாற. அது காத்துல பறந்து வாப்பாட மூக்குக்குள்ள போகுது."

அவர் தாடியைத் தடவினார். "நாங்கதான் காய்க்காத மரமாப் பாத்து லொறியில ஏத்தச் சொன்ன. காய்ச்சா பொடியன்மார் கல்லெறிவானுகள், பள்ளி ஓடு உடையும், முத்தமெல்லாம் பழம் மிதிபடும் எண்டு."

உள்ளேயிருந்து உம்மா குரல் கொடுத்தார்: "ஆம்புளயள மட்டும் வரிசையா நிப்பாட்டினா சத்தமும் தும்மலும்தானே மிஞ்சும்!"

ஹாஜியாரே வாய்விட்டுச் சிரித்தார். வேறு ஆள் பார்க்குமுன் மரங்களைச் சரிசெய்ய எனக்கு ஒரு கிழமை தவணை தந்தார்.

ஏணி வைத்து, வெடித்த பாளைகளை ஈரச்சாக்கில் சுற்றி வெட்டினேன். வெடிக்காதவற்றையும் விடவில்லை. வீதியோரம் நடவிருந்த கன்றுகளைப் பற்றியும் ஹாஜியாரிடம் கதைத்தேன். பூவரசு நடுவோம், அதன் பூ காற்றை நம்புவதில்லை, வண்டையும் தேனீயையும்தான் நம்புகிறது என்றேன். "அப்ப அதையே நடுவம்" என்றார்.

தவணை முடிந்த அன்று, அந்தி நேரத்து மஃரிப். வாப்பா குளிசை போடவில்லை. ஹாஜியார் முன்றலில் நின்று காது கொடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாங்கு தங்குதடையில்லாமல் கடற்கரை வரைக்கும் போய் முடிந்தது.

வாப்பா வெளியே வந்ததும் ஹாஜியார் சொன்னார்: "நாளைக்குச் சுபஹும் நீங்கதான், மோதினார்."

வாப்பா தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "மனே, அந்த மூலை மரத்துல புதுசா ஒரு பாளை தலை நீட்டுது. ஏணிய எடு" என்றார்.