பாதியில் போனவர்களின் கோப்புகள்

பல்லடம் பக்கம் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் அன்புசெல்வி எங்கே என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். ‘சர்வர் ரூம் மேடம்’ என்றால் வாட்ச்மேனே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்.

குண்டடத்தில் மக்காச்சோளமும் தக்காளியும் போடும் சென்னியப்பனின் மகள் அவள். தாராபுரத்தில் கம்ப்யூட்டர் படித்தாள். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டாள். பிறகுதான் இங்கே வேலை கிடைத்தது.

அவள் வந்த புதிதில் மாணவர்கள் எல்லாவற்றையும் பென்டிரைவில்தான் சுமந்தார்கள். ஒருவன் கொண்டுவரும் வைரஸ் மதியத்துக்குள் லேப் முழுக்கப் பரவிவிடும். ஆடை வடிவமைப்புப் படிக்கும் பெண்கள், ஒரு மாதம் உட்கார்ந்து போட்ட துணி வெட்டும் பேட்டர்ன் காணாமல் போய்விட்டதென்று அழுதுகொண்டு நிற்பார்கள். அன்புசெல்வி விடாப்பிடியாகக் கேட்டு ஒரு பெரிய சர்வர் வாங்க வைத்தாள். ஒவ்வொரு மாணவருக்கும் அதில் தனி ஃபோல்டர். எந்த லேபில் உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டாலும் அவரவர் வேலை அவரவர் கண்முன் வந்து நிற்கும். முதல் வருஷம் பையன்கள் அதில் சினிமாப் படங்களை அடைத்துவைத்தார்கள். அவள் ஆளுக்கு இவ்வளவுதான் இடம் என்று அளவு கட்டினாள். படங்கள் தானாகவே காணாமல் போயின.

ஒரு ஜூன் மாதம் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இடம் போதவில்லை, படிப்பைப் பாதியில் விட்டவர்களின் ஃபோல்டர்களை அழித்துவிட வேண்டும். அன்புசெல்வி பெயர்களைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பட்டனுக்குக் கை கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். உள்ளே இருப்பதைத் திறந்து பார்ப்பது அவள் வழக்கமில்லை. ஆனால் கடைசியாகச் சேமித்த தேதி வெளியிலேயே தெரியும். பலரும் கல்லூரிக்கு வந்த கடைசி நாளில்கூட வேலையைச் சேமித்துவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

அவள் நேராகப் பதிவாளர் லிங்கசாமியிடம் போனாள்.

“போனவங்களுக்கு எதுக்குங்கம்மா எடம்? வர்றவங்களுக்கே பத்தலையே?” என்றார் அவர்.

“வேண்டாம்னு போறவங்க சேவ் பண்ணிட்டுப் போவாங்களாங்க சார்? ஊட்டுல ஏதோ கஷ்டம், கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டாங்க. திரும்பி வந்தா எங்கிருந்து தொடங்குவாங்க?”

“யாரு வரப்போறாங்க?”

“வரமாட்டாங்கன்னு நாம எப்படிங்க சார் முடிவு பண்றது?”

லிங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புது சாமான் எதுவும் வாங்கித் தர முடியாது, அலுவலகத்தில் ஓரங்கட்டிய பழைய சர்வரை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அன்புசெல்விக்கு அது போதும். அத்தனை ஃபோல்டர்களையும் அதற்கு மாற்றினாள். பழைய மெஷினை முழுக்க நம்பவும் முடியாது. அதனால் கையிலிருந்த ஒரு டிஸ்கில் இன்னொரு பிரதியை எடுத்து நூலகக் கட்டிடத்தில் ஒரு அலமாரியில் பூட்டிவைத்தாள். உடன் வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். “மேடம் குப்பைக்கும் ரெண்டு பூட்டுப் போடறாங்க” என்று ஒருவர் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

இரண்டு வருஷம் கழித்து விஜயராணி வந்தாள். சிவகங்கைப் பக்கத்துக் குடும்பம், அருள்புரத்தில் குடியிருப்பு. நிட்டிங் மெஷினில் வேலை பார்த்த அவள் அப்பா தவசிக்குக் கையில் அடிபட்டதும், கடைசி வருஷத்தை விட்டுவிட்டு, தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போனவள். இப்போது அப்பா தேறிவிட்டார். பல்கலைக்கழகம் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஆனால் புராஜெக்டை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள்.

“நான் செஞ்சதுல எதாச்சும் இருக்குமா மேடம்? இல்லாட்டியும் பரவால்ல, கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

“உக்காரு கண்ணு, பாக்கலாம்.”

பழைய சர்வர் திறக்கவே இல்லை. கோடை வெயிலில் அதன் டிஸ்க் போய்விட்டிருந்தது. விஜயராணியின் முகம் வாடிவிட்டது.

“இரு கண்ணு, இன்னொண்ணு இருக்குது” என்று அன்புசெல்வி சாவியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு நடந்தாள். அதுவும் போயிருந்தால்?

போகவில்லை. பிரதியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் இணைத்தாள். விஜயராணியின் பெயர் போட்ட ஃபோல்டர் வந்தது.

“நீயே திற. உன்னோடது.”

கை கால் அசைக்க முடியாத குழந்தைகளுக்கான பனியன் பேட்டர்ன் அது. தலைவழியாக மாட்ட வேண்டியதில்லை. தோளிலும் பக்கவாட்டிலும் திறந்து, படுத்த நிலையிலேயே போட்டுவிடலாம். இடது பக்கம் முடிந்திருந்தது, வலது பக்கம் பாதியில் நின்றிருந்தது. விஜயராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், இந்தத் தையல எங்க கொண்டாந்து விடுறதுன்னு அப்ப எனக்குத் தெரியல. இப்பத் தெரியும். கம்பெனில தெனமும் அதத்தான பாத்தேன்” என்றாள்.

அந்தப் பேட்டர்னைப் பார்த்ததும் துறைத்தலைவர் அனிதா, முதலிலிருந்து வேண்டாம், இதையே முடி என்று சொல்லிவிட்டார். மார்ச் மாதக் கண்காட்சியில் அந்தப் பனியனைத் தைத்து வைத்திருந்தார்கள். தவசி மனைவி கருத்தம்மாவுடன் வந்து, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு சிறப்புப் பள்ளியின் ஆசிரியை, தங்கள் பிள்ளைகளுக்குத் தைத்துத் தர முடியுமா என்று விஜயராணியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் கருத்தம்மா அன்புசெல்வியைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எம்புள்ள பட்ட பாட்ட நீங்கதான் காப்பாத்தி வச்சீகளாம்ல.”

பின்னால் நின்ற லிங்கசாமி, “ஆமாங்கம்மா, இவங்கதான். நான் வேண்டாம்னேன், இவங்க கேக்கலை” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அந்த ஜூனில் விதி மாறியது. படிப்பை விட்டவர்களின் கோப்புகளை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும், இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். அந்த வாசகத்தை அன்புசெல்வியே எழுதிக் கொடுத்தாள். அதற்கென்று புது சர்வரும் வந்தது. அதில் முதல் ஃபோல்டரை ஏற்றும்போது அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.