பரீட்சை அறையில் இன்னொருத்தி

இது பிறின்சிக்கு நடந்தது. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நேரங்கள் எல்லாம் போலீஸ் எழுதிக்கொண்டு போனவை. பிறின்சி இன்றைக்கும் ஸ்ட்ரெதமில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது இதை எனக்குச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை கோப்பையை அவள் கீழே வைக்கவே இல்லை.

அவளுடைய மாமனார் பஸ்தியாம்பிள்ளை பக்கத்து ஊரான டூட்டிங்கில் தனியாக இருக்கிறார். எழுபத்திரண்டு வயது. முந்தின வருடப் புயலில் அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் போனது. வீட்டுப் போன் இப்போது இன்டர்நெட்டில் ஓடுவதால் அதுவும் செத்துவிட்டது. மொபைலிலும் சிக்னல் இல்லை. குசினியில் வழுக்கி விழுந்த மனிதர் ஆறு மணித்தியாலம் குளிர்த் தரையில் கிடந்தார்.

ஆஸ்பத்திரியால் வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"உந்தப் போனுகளை இனி நம்பேலாது. வோக்கி டோக்கி வாங்குங்கோ."

கடையில் விற்கும் செட் இரண்டு தெருவுக்கு மேல் எட்டவில்லை. ஸ்ட்ரெதமில் இருந்து டூட்டிங்குக்குக் கதைக்கிற வலுவான செட் வேண்டுமென்றால் ரேடியோ லைசென்ஸ் வேண்டும். அதுவும் கதைக்கிற ஒவ்வொருவரும் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ண வேண்டும். கிழவர் முதல் தடவையே பாஸ். பிறின்சியின் கணவன் டிலுக்சனும் பாஸ். பிறின்சிதான் பெயில். இருபத்தாறு கேள்வியில் பத்தொன்பது எடுக்க வேண்டும். அவள் எடுத்தது பதினேழு.

ஆனால் பகலில் வீட்டில் இருப்பவள் அவள்தான். கிழவர் விடவில்லை.

"பிள்ளை, நீ பாஸ் பண்ணாட்டி நான் விழுந்து கிடந்து ஆரைக் கூப்பிடுறது?"

இரண்டாம் தடவை, ஜனவரி பதினெட்டு, சனிக்கிழமை, மாலை நான்கு மணி. வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம். டிலுக்சன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டூட்டிங் போய்விட்டான். வீட்டில் பிறின்சி மட்டும்.

பரீட்சையைக் கண்காணித்தது பிரீத்தா என்ற பெண். லீட்ஸில் இருப்பவள். ஆங்கிலத்தில்தான் பேசினாள். விதிகளைச் சொன்னாள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கதவு பூட்டியிருக்க வேண்டும். மொபைலை இரண்டாவது கமராவாக, பிறின்சிக்குப் பின்னால் வைக்க வேண்டும். பிறின்சி மொபைலை எடுத்து அறை முழுக்கக் காட்டினாள். மேசைக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், எல்லாம். பிறகு அதைப் பின்னாலிருந்த புத்தகத் தட்டில் நிறுத்திவைத்தாள். அது என்ன காட்டுகிறது என்று பிரீத்தாவுக்கு மட்டும் தெரியும்.

4.09க்குத் தொடங்கியது.

முதல் பத்துக் கேள்வியும் சுகமாகப் போயின. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஹீட்டர் போட்டிருந்தும் கால் சில்லிட்டது. ஏனோ இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தரம் கதிரையை நகர்த்தினாள்.

4.21.

"தயவுசெய்து மற்றவரை வெளியே போகச் சொல்லுங்கள்" என்றது லாப்டாப்.

"யாரை?"

"கதவடியில் நிற்கும் பெண்ணை."

பிறின்சி திரும்பிப் பார்த்தாள். பூட்டிய கதவு. அயர்ன் பண்ணும் பலகை. யாரும் இல்லை. எழுந்துபோய்க் கதவை இழுத்துப் பார்த்தாள். பூட்டியபடிதான் இருந்தது.

பிரீத்தா மன்னிக்கச் சொன்னாள். கமராவில் ஏதோ நிழல் என்றாள். தொடர்ந்து எழுதச் சொன்னாள்.

பதினான்காவது கேள்வி. பதினைந்து...

4.29.

க்றீச்...

அந்த அறையில் கதவுக்குப் பக்கத்துத் தரைப் பலகை தளர்ந்தது. யாராவது மிதித்தால் மட்டும்தான் கத்தும்.

பிறின்சி மூச்சை அடக்கிக்கொண்டாள். பழைய வீடு, குளிர், மரம் சுருங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினாறாவது கேள்வியை நான்கு தரம் வாசித்தாள். ஒரு எழுத்தும் மண்டைக்குள் ஏறவில்லை.

4.31.

பிரீத்தாவின் குரல் மறுபடி வந்தது. மிக மெதுவாக. இந்த முறை தமிழில்.

"அக்கா... உங்க பேரைப் பாத்தேன். தமிழ்தானே? திரும்பாதீங்க. வாசிக்கற மாதிரியே இருங்க."

பிறின்சி திரையைப் பார்த்தபடியே மவுஸை நகர்த்தினாள்.

"யாரோ உள்ள வந்திருக்காங்க. அவங்களுக்குப் புரியக் கூடாதுன்னுதான் தமிழ்ல பேசறேன். போலீஸுக்குச் சொல்லிட்டேன். புரிஞ்சா தலையைத் தொடுங்க."

பிறின்சி தலையைத் தொட்டாள்.

"நல்லது. அவங்க உங்க சேருக்குப் பின்னாலதான்..."

குரல் நின்றது.

ஐந்து செக்கன்.

பத்து.

"அக்கா..."

பிரீத்தா மூச்சு வாங்கினாள்.

"அவங்களுக்குத் தமிழ் புரியுது."

பிறின்சியின் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. ஜன்னல் மூடித்தான் இருந்தது.

"நான் பேசப் பேசத் தலையை ஆட்டுறாங்க..."

க்றீச் இல்லை. வேறு எந்தச் சத்தமும் இல்லை.

"இப்ப நிமிர்ந்துட்டாங்க... அக்கா... அவங்க என்னைப் பாக்கறாங்க. கேமராவுக்குக் கிட்ட வராங்க. ஓடுங்க!"

பிறின்சி ஓடினாள்.

யாரையும் பார்க்கவில்லை.

ஆனால் தோள் ஒரு துணியில் உரசியது.

அங்கே துணி எதுவும் தொங்கவில்லை.

பூட்டை எப்படித் திறந்தாள், படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. தெருவில், வெறுங்காலுடன், எதிர்வீட்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். 4.46க்குப் போலீஸ் வந்தது. இரண்டு பேர். மேலும் கீழும் தேடினார்கள். ஜன்னல் உள்ளே பூட்டியிருந்தது. பின்கதவும் பூட்டு. ஒரு பொருளும் களவு போகவில்லை. ஒரேயொரு விஷயத்தை மட்டும் பெண் போலீஸ் கேட்டாள்.

"இந்த மொபைலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தது நீங்களா?"

பிறின்சி இல்லை என்றாள்.

டிலுக்சன் வேனை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவள் அவனுடைய சட்டையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அன்றிரவு நால்வரும் டூட்டிங்கில் படுத்தார்கள். மறுநாள் வீட்டுச் சொந்தக்காரி நகுலேஸ்வரியைப் பிடித்துக் கேட்டார்கள்.

"அந்த வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லை, பிள்ளை. இருபத்திரண்டு வருசமா என்ரை வீடு. எனக்குத் தெரியாதே?"

பாதிரியார் வந்து வீட்டை மந்திரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒன்றும் இல்லை. பலகைகூடச் சத்தம் போடவில்லை. மார்ச்சில் பிறின்சி ஒரு மண்டபத்தில், பன்னிரண்டு பேருக்கு நடுவில் இருந்து மறுபடி பரீட்சை எழுதினாள். இருபத்துமூன்று. லைசென்ஸ் வந்தது. இப்போது ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு டூட்டிங்கைக் கூப்பிடுகிறாள். கிழவர் உடனே பதில் சொல்லுவார்.

"ஓம் பிள்ளை, கேக்குது. சாப்பிட்டனீயோ?"

இதோடு முடிந்தது என்றுதான் பிறின்சியும் நினைத்தாள்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் பிரீத்தா பிறின்சிக்குப் போன் எடுத்தாள். முதலில் லைசென்ஸ் வந்ததைக் கேட்டு வாழ்த்துச் சொன்னாள். பரீட்சை கண்காணிக்கும் வேலையை விட்டுவிட்டதாகவும் சொன்னாள்.

"அக்கா, அன்னைக்கு நான் போலீஸ்கிட்ட ஒரு பொம்பளைன்னு மட்டும்தான் சொன்னேன். தலைமுடி நனைஞ்சு, முகத்துல ஒட்டிக்கிட்டு, தண்ணி சொட்டிட்டு இருந்துச்சு. அதைச் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல. சொன்னா பைத்தியம்னு நினைப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

"பிறகு?"

"அன்னைக்கே ஆறேகாலுக்கு என் வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்தார். நான் இன்னும் எதுவும் சொல்ல ஆரம்பிக்கல. ஷூவைக் கழட்டிக்கிட்டே கேட்டார். மாடி ஜன்னல்ல ஈரத் தலையோட நிக்கறது யாரு, உன் ஃபிரெண்டான்னு."



ஸ்ட்ரெதமில் இருந்து லீட்ஸுக்கு இருநூறு மைல்.

"அக்கா, உங்க வீட்டுல இப்ப இல்லதானே?"

"இல்லை" என்றாள் பிறின்சி.

"சரி" என்றாள் பிரீத்தா. "அப்ப இங்க இருக்கறது அதேதான்."