குலம் அண்ணையின் கிளாஸில் ஒரு சிவப்புப் பொட்டு

குலம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் எங்கள் துப்பாக்கிச் சுடும் கழகத்தின் சுடுதளத்தில் குப்புறப் படுத்திருந்தேன். சனிக்கிழமை காலை. கழகத் தலைவர் தோளைத் தட்டி, காதுமூடியைக் கழற்றச் சொல்லி, “குலா இறந்துவிட்டார், இதயம்” என்று ஜெர்மனில் சொன்னார். கழகத்தில் குலம் அண்ணையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அவருடைய துப்பாக்கியில் பூட்டியிருந்த அந்தக் கிளாஸ் இனி யாருக்கு என்ற நினைப்புத்தான் வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய மனைவி இராணி அக்கா கேட்டார். “நீங்கள்தானே ஒவ்வொரு சனியும் அவரோட நிண்டனீங்கள்” என்றார். இந்த வுப்பர்டால் நகரில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய நல்ல குணங்களை எழுதியிருப்பீர்கள். நான் என் எரிச்சலை எழுதுகிறேன். அதுவும் அவரைப் பற்றியதுதான்.

எங்கள் கழகத்தில் தமிழர் என்று நாங்கள் இரண்டு பேர்தான். முதலில் சேர்ந்தவன் நான். அவரைக் கூட்டிக்கொண்டு போனவனும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை. “துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், இஞ்சயும் துவக்கோ?” என்று நம்மவர்கள் கேட்டால் நான் விளையாட்டு, மன ஒருமைப்பாடு என்று நீட்டி முழக்குவேன். அவர் சிரித்துக்கொண்டு, “இது கடுதாசியைச் சுடுற துவக்கு. கடுதாசி திருப்பிச் சுடாது” என்பார். கேட்டவர்களும் சிரித்துவிடுவார்கள். அந்தப் பதில் எனக்கு ஏன் வரவில்லை என்று அன்றே எரிந்தது.

ஆறு மாதத்தில் என்னை முந்தினார். பிறகு வேட்டை அனுமதிப் பரீட்சை. இந்த நாட்டவர்கள் அதைப் பச்சை அபிட்டூர், அதாவது காட்டுக்கான உயர்தரப் பரீட்சை, என்று பகிடியாகச் சொல்வார்கள். கலைமானுக்கும் பன்றிக்கும் வயதுக்கு ஒரு ஜெர்மன் பெயர் பாடமாக்க வேண்டும். நான் இரண்டு தரம் கோட்டை விட்டேன். அவர் முதல் தரமே பாஸ்.

எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதான்: துப்பாக்கியின் மேல் பூட்டும் தொலைநோக்கி. வேட்டைக்காரர் அதைக் கிளாஸ் என்பார்கள், நாங்களும் அப்படியே. எந்தக் கிளாஸ் எதற்கு நல்லது என்று கழகத்தில் ஜெர்மன்காரரே என்னைத்தான் கேட்பார்கள். போட்டிக்கு நாற்பது மடங்கு காட்டுகிற என்னுடையதுதான் சிறந்தது, நூறு மீற்றரில் கடுதாசியில் விழுந்த ஓட்டை தெரியும் என்பேன். குலம் அண்ணை கேட்டுவிட்டு, “பெரிசாக் காட்டுற கிளாஸ் உங்கட கை நடுங்குறதையும் பெரிசாக் காட்டுமெல்லே” என்றார். அது உண்மை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

ஒரு நாள் தொலைபேசியில், “புதுக் கிளாஸ் ஒண்டு எடுத்திருக்கிறன், வாங்கோ பாப்பம்” என்றார். பக்கத்தில் நின்று கேட்ட என் மனைவி, குடிக்கிற கிளாஸ் என்று நினைத்து, “அளவாப் பாவியுங்கோ” என்று ஒரு டப்பா மிக்சர் கட்டித் தந்தாள். அவர் மேசையில் நான் விலைப்பட்டியலில் மட்டும் பார்த்து ஏங்கிய கிளாஸ் இருந்தது. போட்டிக்கும் உதவும், வேட்டைக்கும் உதவும். எடுத்துக் கண்ணில் வைத்தேன். எதிர்வீட்டுப் புகைக்கூண்டின் செங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. குறிக்கோடு தலைமயிர் போல் கூராக நின்றது. அப்படி ஒரு தெளிவை நான் கண்டதில்லை.

“மங்கலாத்தான் கிடக்கு” என்றேன்.

அவருடைய முகம் வாடிவிட்டது. “ஒவ்வொருத்தற்ற கண்ணும் ஒவ்வொரு மாதிரி. பொறுங்கோ” என்று, கண் வைக்கிற பக்கத்து வளையத்தை மெல்லத் திருப்பினார். “இப்ப?” “இல்லை.” “இப்ப?” “இல்லை.” உண்மையில் மங்கிய பிறகு, “ஓம், இப்ப சரி” என்றேன். அப்பாடா என்று மிக்சரைத் திறந்தார்.

அடுத்த சனி அந்த வளையத்தில் ஒரு சிவப்புப் பொட்டைக் கண்டேன். புதுக் காருக்குக் குங்குமம் வைக்கிறதுபோல, என் நாவூறு படாமலிருக்க இராணி அக்கா வைத்தது என்று எடுத்துக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அதன் பிறகு இரண்டு வருடம் அந்தக் கிளாஸைத் தொடவில்லை. ஒருமுறை காட்டில், மரத்தாலான காவல் பரணுக்கு என்னை விருந்தாளியாகக் கூட்டிப்போனார். பொழுது சாய்ந்தது. “வெளிச்சத்தில எல்லாக் கிளாஸும் நல்ல கிளாஸ்தான். மம்மலுக்குள்ளதான் குணம் தெரியும்” என்று தோட்டாவைக் கழற்றிவிட்டு, “ஒருக்காப் பாருங்கோ” என்றார். “வேண்டாம் அண்ணை” என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

செத்தவீட்டுக்கு அவ்வளவு சனம். அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

போன கிழமை மலர் விடயமாகப் போனபோது, இராணி அக்கா ஒரு துணிப்பையை என் கையில் தந்தார். “துவக்கைக் கழகத்துக்காரர் பத்திரம் முடிச்சுக் கொண்டு போட்டினம். கிளாஸுக்குப் பத்திரம் தேவையில்லையாம். இது உங்களுக்கெண்டு முந்தியே சொல்லி வைச்சவர்.” நான் வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டும் இருந்தது. “வெள்ளை அவற்ற கண்ணுக்கு. சிவப்பு உங்கட கண்ணுக்கு” என்றார் அக்கா. “என்ர நகப்பூச்சை வாங்கி அண்டைக்கே வைச்சவர். நீங்கள் எப்ப கேட்டாலும் வளையத்தை உங்கட கண்ணுக்கு உடன திருப்பி வைச்சுத் தரவேணுமாம். பாருங்கோவன்.”

யன்னலடியில் நின்று வளையத்தைச் சிவப்புக்குத் திருப்பினேன். அதே புகைக்கூண்டு. ஒரு செங்கல்லும் தெரியவில்லை.

“தெரியுதோ?”

“ஓம் அக்கா, நல்லாத் தெரியுது.”

இதை அக்கா மலரில்தான் வாசிப்பார். மன்னியுங்கோ அக்கா. அந்தக் கிளாஸில் நான் சொன்ன பொய் இரண்டு. முதலாவது அவருக்கு, இரண்டாவது உங்களுக்கு.

குலம் அண்ணையிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தக் கிளாஸ். சிவப்புப் பொட்டை நான் அழிக்கப்போவதில்லை. ஆனால் அடுத்த மாதப் போட்டியில் வெள்ளையில் வைத்துத்தான் சுடுவேன். எனக்குத் தெளிவாகத் தெரிகிற இடம் அன்றும் அதுதான்.