குரங்கணி ஏற்றத்துக்கு இருபத்திரண்டு பல்

1. சிக்கிய செயின்

காலையில் என் சைக்கிள் கடை ஷட்டரைத் தூக்கியபோது மும்தாஜ் வாசலில் நின்றிருந்தார். கீழே இறங்கிய ஒரு ஜீப்பில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு போடிக்கு வந்திருக்கிறார். செயின் பின்சக்கர ஸ்போக்ஸுக்குள் புகுந்து இறுகியிருந்தது. கேரியரில் இடியாப்பத் தூக்கு நிறைந்தபடியே இருந்தது.

“ஏத்தத்துல கியர மாத்துனேண்ணே. படார்னு உள்ள போயிருச்சு. நடந்து போறதுக்குள்ள தோட்டத்து ஜீப்பு கெளம்பிருச்சு.”

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தக் கியரை மாட்டியவன் நான்தான்.

மும்தாஜ் வீடு மலையடிவாரத்தில், முந்தல் பக்கம். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேடீஸ் சைக்கிளில் மலைமேல் இருக்கும் குரங்கணிக்கு இடியாப்பம் கொண்டுபோய் விற்பவர். அங்கிருந்து ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பு ஏழு மணிக்குக் கிளம்பிவிடும். அதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் வியாபாரம். சுமையோடு தள்ளித் தள்ளி முழங்கால் வீங்கிவிட்டது. “உக்காந்தே மிதிக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க. இல்லேன்னா இந்தச் சோலிய விட்டுற வேண்டியதுதான்” என்று போன வாரம்தான் வந்து நின்றார்.

நான் பழைய கியர் சைக்கிள் ஒன்றில் கழற்றிய ஆறு கியர் செட்டை எடுத்து மாட்டினேன். ஸ்டாண்டில் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். கடைத்தெருவில் ஒரு ரவுண்டு அடித்தேன். வெண்ணெய் மாதிரி மாறியது; எனக்கு ஒரே பெருமை. சுமையோடு ஏறுகிறவர் மிதியைத் தளர்த்தாமல் கியரை மாற்றுவார், செயின் துள்ளும் என்று யோசிக்கவே இல்லை. சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு மலைக்கு அனுப்புவதுதான் எங்கள் எல்லோருக்கும் பழக்கம்.

2. நானே இறங்கினேன்

கியர் செட்டைக் கழற்றிவிட்டுப் பின்சக்கரத்தில் ஒரே பல்சக்கரம் உள்ள பழைய ப்ரீவீலையே போட்டேன். மறுநாள் விடியலில் முந்தலுக்குப் போய், இடியாப்பச் சுமையோடு சைக்கிளை நானே மிதித்தேன். இரண்டாவது வளைவில் மூச்சு முட்டி இறங்கிவிட்டேன்.

“என்னண்ணே, சைக்கிள் கடக்காரரே எறங்கிட்டீங்க?” என்று பின்னால் நடந்து வந்த மும்தாஜ் சிரித்தார். சிரித்துக்கொண்டே முழங்காலையும் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கணக்கு எளிதுதான். முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். பின்னால் 22 போட்டால் இரண்டே சுற்று. வேகம் குறையும், மிதி லேசாகும். அன்றே 22 பல் ப்ரீவீல் மாட்டி, செயினில் இரண்டு லிங்க் கூட்டினேன். மாற்றுவதற்குக் கைப்பிடியும் இல்லை, துள்ளுவதற்கு வழியும் இல்லை.

3. கடைசி வளைவு

நாலு நாள் கழித்து மும்தாஜ் காலித் தூக்கோடு வந்தார்.

“தெனமும் ஜீப்பு கெளம்புறதுக்கு முன்னாடியே போயிர்றேண்ணே. கடைசி வளைவுல மட்டுந்தான் எறங்குறேன்.”

“அதையும் விடுவானேன்? 24 பல்லு போட்டுருவோம்.”

“வேணாம்ணே. அப்பறம் கீழ சமதள ரோட்டுல காலு சும்மா சுத்தும், நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதுவுமில்லாம அந்த வளைவுல காப்பிக்கொட்ட காயப்போடுற நாலு வீடு இருக்கு. நான் தள்ளிக்கிட்டுப் போறப்பத்தான் வந்து வாங்குவாக.”

“மிதிச்சுக்கிட்டே போயி அங்க நிப்பாட்டிக் குடுக்கலாம்ல?”

“ஏத்தத்துல நிப்பாட்டிட்டு மறுபடி ஏறி மிதிச்சுப் பாருங்க, தெரியும்! அந்தத் துண்டு தூரம் முட்டி தாங்கும்ணே. அதுல ஒரு அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. நான் தள்ளிட்டு வர்றப்ப பின்சக்கரம் டிக்டிக்குங்கிற சத்தம் கேட்டுத்தான் தட்ட எடுத்துக்கிட்டு வெளியவே வரும்.”

அந்த 22 பல்லையே விட்டுவிட்டேன். இப்போது மலைக்கு ஓட்டுகிற சைக்கிள் எது வந்தாலும், பல்லை எண்ணுவதற்கு முன்னால் ஓட்டுகிறவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்.

“வழியில எங்கெங்க எறங்கணும் உங்களுக்கு?”