சேற்றுத்திட்டும் ஓரகத்தியும்

துறைமுகம், அணை, நெடுஞ்சாலை என்று பெரிய திட்டம் எது வந்தாலும், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் உயிர்களுக்கும் என்ன கேடு வரும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதும் நிறுவனத்தில் அவள் தலைமை ஆய்வாளர். வீட்டில் மூத்த மருமகள். இரண்டு இடத்திலும் அவள் வைத்ததுதான் சட்டமாக இருந்தது, கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகும்வரை.

வந்தவளும் அதே படிப்பு. நிறுவனத்தில் சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். வம்பை விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. மூத்தவள் களத்துக்குப் போனால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, உப்பளவைக் குறித்துக்கொண்டு, வாய் திறக்காமல் திரும்புவாள். சின்னவளோ கருவியை இறக்கும் முன்பே அங்கிருப்பவர்களின் குடும்பக் கதையெல்லாம் கேட்டு முடித்திருப்பாள்.

"சின்னவ வந்த பிறகுதான் உங்க வேலை என்னன்னே எனக்குப் புரிஞ்சுது" என்று மாமியார் ஒருநாள் சொன்னார். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?

அந்தச் சமயத்தில்தான் துறைமுக விரிவாக்கம் வந்தது. கப்பல் வர ஒரு சேற்றுத்திட்டைத் தோண்ட வேண்டும். மூத்தவள் கோடையில் ஆய்வு செய்து, 'அங்கே குறிப்பிடும்படி உயிரினம் இல்லை' என்று எழுதியிருந்தாள். மழை முடிந்ததும் சின்னவள் யாரும் சொல்லாமலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தத் திட்டில்தான் சிப்பிகள் குஞ்சு பொரிக்கின்றன என்று புதிதாக ஒரு பகுதி எழுதிக் கொடுத்தாள். மூத்தவள் அதை அப்படியே நீக்கிவிட்டாள்.

மனசு உறுத்தியது. கணவனிடம் சொன்னாள்.

"அவ எழுதினது தப்பா?"

"தப்புன்னு சொல்ல முடியல."

"அப்புறம் என்ன?"

"அவ எழுதிட்டாளே, அதான்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் சல்லடையை எடுத்துக்கொண்டு அவளே திட்டுக்குப் போனாள். முழங்கால் சேற்றில் நின்று அள்ளிச் சலித்தாள். ஒன்றும் இருக்கக் கூடாதே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. தண்ணீர் வடிந்ததும் சல்லடை நிறைய, அரிசி நொய் போல, சிப்பிக் குஞ்சுகள்.

அலுவலகம் திரும்பி, நீக்கியதைத் திரும்பச் சேர்த்தாள். மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவளே எழுந்து, "கோடையில மட்டும் பாத்துட்டு நான் தப்பா எழுதிட்டேன்" என்றாள். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்கள். சின்னவளைக் கை காட்டினாள். மண்டபமே கைதட்டியது. மூத்தவள் முகம் சுண்டிப்போயிற்று.

திரும்பும்போது காரில் சின்னவள் மெல்லக் கேட்டாள்: "அக்கா, நீங்க சல்லடையோட போனீங்களாமே. சரிபாக்கவா?"

"இல்ல. உன் தப்பைக் கண்டுபிடிக்க."

"கிடைச்சுதா?"

"கிடைக்கல. அதான் கடுப்பு."

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

கப்பல் வழியைத் திட்டுக்கு அப்பால் தள்ளி வரைந்தார்கள். அடுத்த திட்டத்துக்கு ஆள் பிரித்தபோது, சின்னவளைத் தன்னோடுதான் போட்டுக்கொண்டாள் மூத்தவள். கண்ணெதிரே இருந்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும் என்று கணவனிடம் காரணம் சொன்னாள்.