ஒல்லாந்துச் சீமாட்டியின் கை

எங்கள் ஊருக்குச் சரித்திரம் இல்லையே என்ற கவலை, ஊரில் கொஞ்சம் படித்த எல்லோருக்கும் உண்டு. ஒலுவிலில் வெளிச்சவீடு நிற்கிறது. மருதமுனைக்குத் தறி இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது? கடலும் காகமும். அதனால்தான் கடற்கரையில் பூங்கா கட்ட வந்தவர்கள் என்னோடு கூடப்பிறந்த மூத்தவளான ராத்தாவிடம் அவ்வளவு இலகுவாக ஏமாந்தார்கள்.

பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு ராத்தாவின் வீடு இருந்தது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியேறுவார். ராத்தாவின் கல்யாணத்துக்கு முன் வாப்பா வீடு கட்டிக் கிணறும் வெட்டினார். கிணற்றுக்கட்டின் சீமெந்து காய்வதற்குள் அவளைக் கூப்பிட்டு, வலது கையை அதில் பதிக்கச் சொன்னார்.

"வீட்டு உறுதிப் பத்திரத்தக் கறையான் திண்டுபோடும். இத ஒண்டும் தின்னாது" என்றார்.

சொன்னது பலித்துவிட்டது. சுனாமியில் வீடு போனது, உறுதி போனது, ராத்தாவின் கணவரும் போனார். மணல் மூடிய கிணற்றின் கட்டு மட்டும் கைத்தடத்தோடு மிஞ்சியது.

கடலோரத்தில் மறுபடி கட்ட விடவில்லை. உள்ளே வீட்டுத்திட்டத்தில் ராத்தாவுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஆனாலும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு இங்கே வந்து, அந்தக் கட்டின் மேல் உட்கார்ந்து கச்சான் கடலை கொறிப்பாள். நானும் கூடப் போவேன். அவளுக்கு அதுதான் வீடு.

அப்படி இருந்த ஒரு பின்னேரம்தான் பூங்காவுக்குப் பொறுப்பான அதிகாரி வந்தார். பிள்ளைகளுக்குச் சறுக்குப்பலகை வைக்க வேண்டுமாம். கிணற்றை உடைக்கப் போகிறார்களாம். சண்டை பிடிக்க வாயைத் திறந்தேன். ராத்தா என் தொடையில் கிள்ளினாள்.

"உடைங்க மகன்," என்றாள் அவரிடம், தேன் ஒழுகும் குரலில். "ஒல்லாந்தர்ர கெணறு எண்டு மூத்தவங்க செல்லுவாங்க. நமக்கென்ன, உடைங்க."

அவர் குனிந்தார். "ஒல்லாந்தர்ர கெணறா?"

"ஓம். இஞ்ச பாருங்க, ஒரு சீமாட்டிட கையும் இரிக்கி."

ஒல்லாந்தர் என்றால் டச்சுக்காரர்; இருநூறு வருடத்துக்கு முன்பே போனவர்கள். அவர்களுக்குச் சீமெந்து எங்கே கிடைத்தது என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே அகப்பட்டிருப்போம். கேட்கவில்லை. ஆசை வெட்கம் அறியாது. சரித்திர ஆசை சீமெந்தும் அறியாது.

சறுக்குப்பலகை அடுத்த மூலைக்குப் போனது. கிணற்றுக்கு மஞ்சள் சாயமும் ஒரு பெயர்ப்பலகையும் வந்தன. ஊர் சும்மா இருக்குமா? சீமாட்டி குதிரையில் வந்து தண்ணீர் அள்ளியதைத் தன் மூத்தவாப்பாவே கண்டதாக ஒருவர் தேநீர்க் கடையில் சத்தியம் பண்ணினார். அவர் அதை எங்களிடமும் வந்து சொன்னார். ராத்தா கன்னத்தில் கைவைத்து முழுக்கக் கேட்டாள். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விக்கல் எடுத்தது.

பிறகு ஒரு நாள் ராத்தா கட்டின் மேல் உட்கார்ந்ததும் காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான்.

"உம்மா, எழும்புங்க! பழைய காலத்துச் சாமான், இதில இரிக்கப்படாது."

அந்தக் கிழமையே சுற்றிவரக் கம்பிவேலி அடித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உண்மையச் செல்லுவமே ராத்தா."

"சென்னா உடைச்சிடுவாங்க புள்ள. நிக்கட்டும்."

அன்றிலிருந்து வேலிக்கு வெளியே நின்றுதான் கச்சான் கொறிக்கிறாள்.

போன மாதம் ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து மாணவர்கள் வந்தார்கள். கூட வந்த விரிவுரையாளர், இந்தக் கைக்குரியவளைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்று விளங்கப்படுத்தினார். ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குத் தெரியும் மகன். கல்யாணப் பொண்ணு. சீமெந்து எரியிது எண்டு கத்தினவ. வாப்பாதான் கையக் கழுவி விட்டவரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். நல்ல கிழவி, நல்ல கதை என்று நினைத்திருப்பார்கள். ஒரு மாணவி மட்டும், "பொறகு அவ எங்க போன?" என்று கேட்டாள்.

"எங்கயும் போகல்ல மகள். பின்னேரத்தில வருவா. வேலிக்கு வெளியால நிப்பா."

சிரிப்பு நின்றது. பிள்ளைகள் ஆவிக்குப் பயந்தவர்கள்போல் மெல்லப் பின்வாங்கினார்கள். எனக்கு இந்த முறை விக்கல் வரவில்லை, அழுகைதான் வந்தது. ராத்தாவோ கச்சான் இருந்த காகிதச் சரையை அவர்கள் பக்கம் நீட்டினாள். ஒருவரும் எடுக்கவில்லை.